முட்டைத் தட்டில் இரண்டு குப்பிகள்

இன்று காலை எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலி ஓடும் பொறியைக் கழித்துக்கட்டினார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுவார்களே, அந்தப் பொறியின் குட்டி. ஆறு எலிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம். ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டதாம், புதியது வந்துவிட்டதாம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் கிடந்தது. போகிற போக்கில் பட்டையை விரலால் தள்ளிப் பார்த்தேன். எலி மூத்திரமும் கிருமிநாசினியும் கலந்த அந்தப் பழைய வாடை கிளம்பியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். "தாத்தா எப்படி இருக்காரு?" என்று கேட்டாய். மின்தூக்கி இரண்டு முறை திறந்து மூடியது. நான் ஏறவில்லை.

நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுத உட்கார்ந்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும் என்ற பயம்தான். உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தள்ளிப்போட்டேன். ஆனால் நீ விடுவதாக இல்லை. சனிக்கிழமைகளில் தேக்காவுக்குக் காய் வாங்கப் போகும்போது உணவங்காடிப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன். அப்படியும் எங்கோ குவளையில் கரண்டி சுழலும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன். வேறு யாரோ சீனி கலக்கிக்கொண்டிருப்பார்.

பள்ளியில் நீ பந்தாட்டக்காரன். நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றவன். அதற்குப் பிறகும் நம் கணக்கு பெரிதாக மாறவில்லை. நீ மாடிப் பேருந்து ஓட்டினாய், சாரதாவைக் கல்யாணம் செய்தாய், மகனைப் படிக்க வைத்தாய். நான் முப்பது வருஷமாக எலிக்கூண்டு கழுவினேன். தீனி வைத்தேன், எடை பார்த்தேன், ஊசி போட்டேன். கல்யாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "இவன் என் கூட்டாளி. எலிக்குச் சோறு போடுற உத்தியோகம்" என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சுவா சூ காங்கில் எனக்கு ஒண்டிக்கட்டை வீடு கிடைத்த அன்று வாசலிலேயே நின்று, "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு உன்னப் பார்த்துத்தான்டா சொன்னாங்க" என்றாய். எனக்குக் கோபம் வந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாயா? வந்தது. சனிக்கிழமை மத்தியானம் சாரதா கையால் சாப்பிட்டதும் அது போய்விடும், அவ்வளவுதான்.

பிறகு உன் கால் கட்டைவிரலில் புண் வந்தது. சர்க்கரைப் புண். விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொன்ன அன்று சாரதா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். விரல் தப்பினால் ஒரு மண்டலம் விரதம் இருந்து, தைப்பூசத்தன்று நீ வெறுங்காலோடு பால்குடம் எடுப்பாய் என்று. விரல் தப்பியது. நீ வேலையை விட்டிருந்தாய், வயிறு முன்னால் போய்க்கொண்டிருந்தது, மேம்பாலம் ஏறினால் பாதியில் நின்று பேருந்துகளை வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்வாய். சிராங்கூன் சாலைக் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெயிலில், தலையில் குடத்தோடு, அந்தக் காலோடு. "வேண்டிக்கிட்டது அவ, நடக்கப் போறது நான்" என்று நீ சொன்னபோது சிரித்தாய். ஆனால் பயந்திருந்தாய். பள்ளிக்கூட நாளிலிருந்து உன்னைப் பார்க்கிறவனுக்கு அது தெரியாதா?

அந்தச் சனிக்கிழமைதான் நான் வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் கெட்டது நான் இல்லை, நீ. தேக்காவில் சீனி போடாத தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பேசக் கூடாத விஷயத்தைப் பேசினேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, தின்றதை எரித்துத் தெம்பாக்கும் அடுப்பு அதுதான் என்றேன். அந்த அடுப்பே ஒரு துண்டுப் புரதத்தைச் செய்து உடம்புக்குள் அனுப்புகிறது, பெப்டைடு என்பார்கள், வயதானால் அது குறைந்துபோகிறதாம், அதைச் செயற்கையாகச் செய்து கிழட்டு எலிகளுக்கு ஏற்றிப் பார்க்கிறோம் என்றேன். மனிதக் கணக்கில் எண்பது வயதான ஒரு எலி இருக்கிறது, நாங்கள் தாத்தா என்று கூப்பிடுவோம், ஊசி ஆரம்பித்த பிறகு இளசுகளோடு சேர்ந்து ஓடுகிறது என்றும் சொன்னேன்.

நீ தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாய். அறுபது வயதுக்கு மேல், முதல்முறையாக, நான் சொல்வதை நீ வாய் பார்த்துக் கேட்டாய். அந்த ருசியில் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டேன். அதே மருந்து ஏறிய சில எலிகள் ஓடாமல் படுத்துக் கிடந்ததைச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுத் தலைவி, சீனப் பெண்மணி, கெட்டிக்காரி, யார் எதைக் கேட்டாலும் "இன்னும் தெரியாது" என்றுதான் ஆரம்பிப்பார். நாங்கள் அவருக்குப் பின்னால் 'தெரியாது டாக்டர்' என்று கேலி செய்வோம். அந்த ஒரு சொல்லைக்கூட உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் நீ எங்கிருந்தோ அதை வரவழைத்துவிட்டாய். இணையத்தில் கிடைக்காதது எது. சுண்டுவிரல் உயரத்துக்கு இரண்டு கண்ணாடிக் குப்பிகள், அடியில் வெள்ளைத் தூள். ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்று ஒட்டியிருந்தது. நான் அதைக் காட்டினேன். "மனுஷனுக்கு இல்லன்னுதான் போட்டிருக்கான். எலிக்குச் சோறு போடுறவன் கூட்டாளிக்கு இல்லன்னு போடலயே" என்றாய். நான் அப்போதே வாங்கிக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். கூடாது என்று மூன்று தடவை சொன்னேன் என்பது நிஜம். நாலாவது தடவை நீ கெஞ்சினாய். நீ என்னிடம் கெஞ்சியதாக எனக்கு வேறு ஞாபகமே இல்லை.

நீ மாலை போட்ட நாள் நினைவிருக்கிறதா? காலையில் கோயிலில் நீ மாலை போட்டுக்கொண்டதும் நாம் இருவரும் புக்கிட் மேராவில் உன் வீட்டுக்குத் திரும்பினோம். சாரதா கோயிலிலேயே தங்கிவிட்டாள். சமையலறை மேசையில் துண்டை விரித்து நான் கலந்தேன். குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும் என்று காட்டினேன். முப்பது வருஷக் கை, ஒரு குமிழ்கூட வரவில்லை. நீ பள்ளிக்கூடப் பையன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாய். விரதத்துக்காகச் சாரதா குளிர்பெட்டியைக் கழுவி, மீன், முட்டை எல்லாவற்றையும் ஒழித்திருந்தாள். கதவில் முட்டை வைக்கும் தட்டு காலியாக இருந்தது. குப்பிகள் இரண்டும் அந்தக் குழிகளில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. கேட்டால் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாய்.

எங்கள் வேலையில் ஒரு பாலபாடம் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஒரு கூண்டுக்கு மருந்து என்றால் பக்கத்துக் கூண்டுக்கு வெறும் உப்புநீர். தீனி, தண்ணீர், விளக்கு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. தீனியைக் குறைத்த அன்றே மருந்தையும் ஏற்றினால் என்னைக் கூண்டு கழுவக்கூட விடமாட்டார்கள். அப்படிப்பட்ட நான், நீ ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறிய அதே நாளில் உனக்கு ஊசி கலந்து கொடுத்தேன். உனக்குத் தெரிய வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை நீ எனக்கு முன்னாலேயே தேக்காவுக்கு வந்து உட்கார்ந்திருந்தாய். முகம் வற்றி, கண் பளிச்சென்று இருந்தது. "உடம்பு லேசா இருக்குடா. பாலத்துல நிக்காம ஏறினேன்" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

"இது மருந்தாலயா, விரதத்தாலயா? நீ சொன்னா சரி."

நீ நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய். நான் கொஞ்சம் யோசிப்பதுபோல் தேநீரைக் குடித்தேன். "மருந்துதான்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னையே ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. விரதம் என்றால் அது சாரதாவும் முருகனும். மருந்து என்றால் அது நான். இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நீ மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டதாகச் சொன்னாய். சர்க்கரைக்கு, கொழுப்புக்கு, ரத்த அழுத்தத்துக்கு, எல்லாம். மருத்துவரிடம் கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாய். நீ கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும். வழக்கம்போல், "தாத்தா எப்படி இருக்காரு?" என்றாய். "ஓடுறாரு" என்றேன்.

தாத்தா அப்போது இல்லை. ஆய்வு முடிந்துவிட்டிருந்தது. முடிந்தால் எல்லா எலிகளையும் வலிக்காமல் கொன்று, ஈரலையும் இதயத்தையும் தசையையும் எடுத்து எடைபோட்டு உறைய வைப்போம். ஓடிய எலி, ஓடாத எலி என்ற பேதமெல்லாம் கிடையாது. அதுதான் முறை, அதுதான் என் வேலை. தாத்தாவுக்கு அதைச் செய்ததும் நான்தான். நீ கேட்ட ஒவ்வொரு சனிக்கிழமையும், இறந்துபோன எலியை உனக்காக நான் ஓட வைத்தேன்.

விரதத்தின் முப்பத்தொன்பதாம் நாள் காலை, வெறுங்காலில் நடந்து பழக வேண்டும் என்று கீழே இறங்கியவன் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் விழுந்தாய். மாலை கழுத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்றார்கள். இதயம் என்றார்கள். சர்க்கரைக்காரர், அறுபத்தொரு வயது, பட்டினி. யாரும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

உன்னைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தபோது நான் தண்ணீர் எடுக்க மேலே போனேன். தண்ணீர் எடுக்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். குளிர்பெட்டியைத் திறந்து, தட்டிலிருந்த இரண்டு குப்பிகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று காலி, ஒன்றில் பாதி இருந்தது. மண்டாய் தகனக்கூடம் வரைக்கும் உன்னோடு வந்தேன். பையில் அது சில்லென்று இருந்து, பிறகு என் உடம்புச் சூட்டுக்கு வந்துவிட்டது. நீ சாம்பலாகும்போது நான் அதைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை மன்னிக்காதே.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சாரதா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வருகிறவர்கள் எல்லாரிடமும், "நான் வேண்டிக்கிட்டதுதான் அவரக் கொண்டுபோச்சு. பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்" என்று ஒரே மாதிரிச் சொன்னாள். முருகன் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். ஒருவேளைதான் சாப்பிட்டாள். பிடோக்கிலிருந்து உன் மகன் வந்து சத்தம் போட்டுப் பார்த்தான், மருமகள் அழுது பார்த்தாள். ம்ஹூம். நான் சனிக்கிழமை தோறும் காய் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவேன். ஒவ்வொரு வாரமும் அவள் மணிக்கட்டு மெலிந்துகொண்டே வந்தது. ஒரு சொல் சொன்னால் அவள் பாரம் பாதியாகும். அந்த ஒரு சொல்லைப் பையில் வைத்துக்கொண்டு கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டு வந்தேன், பத்து மாதம்.

நவம்பரில் ஒரு நாள் அவள் கதவைத் திறக்க எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சொல்லிவிட்டேன். எலி, குப்பி, நான் கலந்தது, நீ மாத்திரையை விட்டது எல்லாவற்றையும். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"முட்டைத் தட்டுல இருந்ததா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு நீங்கதான் எடுத்தீங்கன்னு தெரியும்ண்ணே. குப்பையில ஊசி கிடந்தத அப்பவே பார்த்தேன். கண்ணுல விடுற மருந்துக்கு எதுக்கு ஊசி?"

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். கேட்டால் நீங்கள் வருவதை நிறுத்திவிடுவீர்கள், அவரைப் பற்றிப் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அந்த மருந்தால்தானா என்று கேட்டாள். தெரியாது என்றேன். விரதத்தாலா என்றாள். அதுவும் தெரியாது என்றேன். எங்கள் ஆய்வுத் தலைவி கேட்டிருந்தால் மெச்சியிருப்பார்.

அன்றைக்கு அவள் பாரம் குறையவில்லை. குறையும் என்று நான் நினைத்திருந்தேன், முட்டாள். பிறகு வேறொன்று சொன்னாள். வேண்டுதல் நிற்கிறது, விரலைக் கொடுத்தவனுக்குப் பால் போய்ச் சேரவில்லை. உன் தலைத் திதி கழியும்வரை அந்த வீட்டில் யாரும் மாலை போட முடியாது, திதி கழிந்த ஒன்பதாம் நாளே பூசம், விரதத்துக்கு நாள் போதாது. "நீங்க போடுங்கண்ணே. நீங்க இந்த வீட்டு ஆளு, ஆனா தீட்டு இல்ல" என்றாள். கோயிலுக்குள் சுண்டலுக்குப் போகிறவன் நான். நீ அறிவாய். மாட்டேன் என்று சொல்ல எந்த வாய் இருக்கிறது? ஒரு கட்டளை மட்டும் போட்டாள். முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து, மருத்துவர் சரி என்றால்தான் மாலை. உன்னிடம் கேட்காமல் விட்டதை என்னிடம் கேட்டாள். மருத்துவர் சரி என்றார். போட்டுக்கொண்டேன்.

போன சனிக்கிழமை என் ஒருவேளை விரதத்தில் பத்தொன்பதாம் நாள். உன் அடுக்குமாடிப் புளோக்கில் மின்தூக்கியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கையிலும் காய்ப் பையோடு ஆறு மாடி ஏறினேன். உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். மூச்சு வாங்கவில்லை. முழங்கால் வலிக்கவில்லை. சாரதா கதவைத் திறந்து, ஏறியா வந்தீர்கள் என்று கேட்டாள்.

"உடம்பு லேசா இருக்கும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அவரும் இதையேதான் சொன்னாரு" என்றாள்.

நவம்பரில் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை. தேக்காவில் நீ கேட்ட கேள்வியையும் நான் சொன்ன பதிலையும். வாசலில் நின்றபடியே சொன்னேன். மருந்தா, விரதமா என்று கேட்டான், மருந்து என்று நான்தான் சொன்னேன், அதை நம்பித்தான் மாத்திரையை விட்டான் என்று. என் உடம்பில் இப்போது எந்த ஊசியும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். கதவைச் சாத்தினாலும் சரி என்று நின்றேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. உன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அப்ப விரதம் அவருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கு. நான் கொல்லல."

எனக்கு வாய்வரை வந்தது. ஒரே ஒரு ஆள், பத்தொன்பது நாள், இதை வைத்து எதையும் சொல்ல முடியாதம்மா. எனக்குச் சர்க்கரை இல்லை, அவனுக்கு இருந்தது. இது வேறு கூண்டு, அது வேறு கூண்டு. மருந்து எதையாவது செய்ததா, விரதம் செய்ததா, மாத்திரை இல்லாதது செய்ததா, இனி யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. முப்பது வருஷம் சோறு போட்ட தொழில் அதைச் சொல்லச் சொன்னது. சாரதா அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்கு இலை போட்டுவிட்டு, தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டு எழுந்தவள், சாயங்காலத்துக்கும் தனக்கு அரிசியை அளந்து ஊற வைத்தாள். பதினோரு மாதத்தில் முதல் தடவை.

தெரியாது என்று நான் சொல்லவில்லைடா. இந்தத் தடவையும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாமல் விட்டதற்கு நீ எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் வந்து கேள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன். அவளிடம் சொல்லாமல் விட்டதை மட்டும் கேட்காதே.